மதர்ஸ்-இன்-லாவா, மதர்-இன்-லாஸா? ஆங்கிலத்தில் உறவுப் பெயர்களுக்கு எஸ் போடும் வழிகள்

கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம், புது வீட்டு வாசலில் பதிக்கிற கிரானைட் பலகை, மேலாளருக்கு அனுப்பும் லீவு மெயில் என்று எதை எடுத்தாலும் உறவுமுறைச் சொல் ஒன்று வந்துவிடுகிறது. வந்ததும் எஸ் எங்கே, அப்பாஸ்ட்ரஃபி எங்கே என்று கை நின்றுவிடும். ஒவ்வொரு குடும்பத்திலும் "நீதான் இங்கிலீஷ் நல்லா எழுதுவியே, கொஞ்சம் பாரு" என்று யாராவது ஒருவர் தலையில் ப்ரூஃபைக் கட்டுவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். அதனால் எந்த இடத்தில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதை எடுத்தால் எங்கே இடிக்கும், நான் எதை எடுப்பேன் என்பதை எழுதி வைக்கிறேன். ஆங்கில வடிவங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அப்பாஸ்ட்ரஃபி வரும் இடத்தில் ' குறி இருக்கும், நடுவில் வரும் சிறு கோடு ஆங்கிலத்திலும் அப்படியே உண்டு.

பிரதர்ஸ், பிரதர்'ஸ், பிரதர்ஸ்' என்று மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஓசைதான். தமிழில் அண்ணன்கள், அண்ணனுடைய, அண்ணன்களுடைய என்று காதுக்கே தெரிந்துவிடுகிறது, எழுத்து வரைக்கும் போக வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் முழுக்க முழுக்கக் கண்ணுக்குத்தான். அதனால்தான் சரளமாகப் பேசுகிறவர்களும் எழுத உட்கார்ந்தால் தடுமாறுகிறார்கள், நாம் மட்டுமில்லை, அந்த மொழிக்குச் சொந்தக்காரர்களும்தான். இங்கிலாந்தில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001-இல் அப்பாஸ்ட்ரஃபியைக் காப்பாற்ற ஒரு சங்கமே தொடங்கினார். 2019-இல், 96 வயதில், அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று அறிவித்துக் கடையைக் கட்டினார். எனவே ப்ரூஃப் பார்க்கும்போது உங்களுக்குச் சந்தேகம் வந்தால் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கஷ்டமானதையே முதலில் எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு இரண்டு நாத்தனார்கள், அவர்களைப் பற்றி ஒரு மெயிலில் எழுத வேண்டும். சிஸ்டர்ஸ்-இன்-லா என்று முதல் சொல்லில் எஸ் சேர்க்கலாம், சிஸ்டர்-இன்-லாஸ் என்று கடைசியில் சேர்க்கலாம், இந்த வம்பே வேண்டாம் என்று மை ஹஸ்பண்ட்'ஸ் சிஸ்டர்ஸ் என்று விரித்தும் எழுதலாம்.

அகராதிகள் முதலாவதைத்தான் சொல்கின்றன. இந்தக் கூட்டுச் சொல்லில் ஆள் யார் என்றால் சிஸ்டர். இன்-லா என்பது எந்த வகை சிஸ்டர் என்று சொல்ல வந்த ஒட்டு, அவ்வளவுதான். இரண்டானது ஆள், ஒட்டு இல்லை. அதனால் எஸ் ஆளிடம் போகிறது. வழிப்போக்கர்களைச் சொல்லும் பாஸர்ஸ்-பை, அமெரிக்காவில் அரசுத் தலைமை வழக்கறிஞர்களைச் சொல்லும் அட்டர்னிஸ் ஜெனரல் எல்லாம் இதே ரகம். கிராண்ட்மதர், ஸ்டெப்மதர், ஹாஃப்-பிரதர், எக்ஸ்-வைஃப், கிரேட்-கிராண்ட்ஃபாதர் இவற்றில் ஆள் கடைசியில் நிற்பதால் எஸ்ஸும் கடைசியில் போய் ஒட்டும், அங்கே குழப்பமே கிடையாது.

நமக்கு சிஸ்டர்-இன்-லாஸ் என்று தன்னால் வந்துவிடுவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. தமிழில் ஆள் எப்போதும் கடைசியில்தான்: சின்ன மாமியார், பெரிய நாத்தனார், ஒன்றுவிட்ட அண்ணன். கள், மார், உடைய, கு என்று எது வந்தாலும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் வரிசையாக ஏறும். "ஒன்றுவிட்ட அண்ணன்மாருக்கு" என்பதில் பன்மையும் வேற்றுமையும் ஒரே இடத்தில் நிற்பதைப் பாருங்கள். அந்தக் கையோடு ஆங்கிலத்துக்குப் போனால் எஸ்ஸைக் கடைசியில்தான் வைக்கத் தோன்றும். பேச்சில் வெள்ளைக்காரர்களும் மதர்-இன்-லாஸ் என்று சொல்வதுண்டு, யாரும் அதற்காகத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் எது வேண்டுமானாலும் போகட்டும். அச்சில் ஏறுவதற்கும் அலுவலக மெயிலுக்கும் சிஸ்டர்ஸ்-இன்-லாதான் என் தேர்வு. படிப்பவர் தப்பு கண்டுபிடித்துவிடுவாரே என்ற பயத்தால் மட்டும் சொல்லவில்லை. கடைசியில் எஸ் போட்ட வடிவம் உடைமை வடிவத்தோடு மோதும்.

எப்படி என்றால், மாமியாருடைய வீடு என்பது மதர்-இன்-லா'ஸ் ஹவுஸ். இங்கே எஸ் கடைசியில்! பன்மைக்கு நடுவில் போ என்று சொன்ன அதே இலக்கணம் உடைமைக்குக் கடைசியில் போ என்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு எஸ்ஸும் வேறு வேறு சுபாவம் உள்ளவை. பன்மை எஸ் பெயர்ச்சொல்லோடு ஒட்டிப் பிறந்தது, அதை விட்டு நகராது. உடைமை எஸ் முழுத் தொடரின் வாலில் வந்து ஒட்டிக்கொள்ளும். தி கிங் ஆஃப் ஸ்பெயின்'ஸ் டாட்டர் என்றால் அவள் ஸ்பெயினின் மகள் இல்லை, ராஜாவின் மகள், ஆனால் அப்பாஸ்ட்ரஃபி ஸ்பெயினின் மீதுதான் உட்கார்ந்திருக்கிறது. இது புரிந்துவிட்டால் பிரதர்'ஸ்-இன்-லா போன்ற வடிவம் ஏன் எந்தக் கணக்கிலும் சரிவராது என்பதும் புரிந்துவிடும். பன்மை என்றால் அப்பாஸ்ட்ரஃபி கூடாது, உடைமை என்றால் இடம் அது இல்லை.

இரண்டும் சேர்ந்தால்? உங்களுக்கு மூன்று மருமகள்கள், அவர்களுடைய நகைகளைப் பற்றி வங்கி லாக்கர் விஷயமாக ஒரு கடிதம் எழுதுகிறீர்கள். இலக்கணச் சுத்தமான வடிவம் டாட்டர்ஸ்-இன்-லா'ஸ் ஜுவல்ஸ். முன்னால் ஒரு எஸ், பின்னால் ஒரு எஸ், நடுவில் இரண்டு கோடு, கடைசியில் ஒரு அப்பாஸ்ட்ரஃபி. தப்பே இல்லை, ஆனால் படிக்கிறவர் அந்த இடத்தில் நின்று ஒருமுறை மூச்சு வாங்கிவிட்டுத்தான் போவார். டாட்டர்-இன்-லாஸ்' என்று எழுதினால் பார்க்க லேசாக இருக்கும், ஆனால் அதைப் படிக்கும் வங்கிக்காரர் மருமகள் ஒருத்தியா மூன்று பேரா என்று யோசிக்க வேண்டி வரும், லாக்கர் விஷயத்தில் அது சின்ன விஷயம் இல்லை. தி ஜுவல்ஸ் ஆஃப் மை டாட்டர்ஸ்-இன்-லா என்று ஆஃப் போட்டுத் திருப்பி எழுதினால் எஸ் ஒன்று குறைகிறது, ஆனால் கொஞ்சம் பழைய வாடை. நான் என்றால் வாக்கியத்தையே மாற்றிவிடுவேன்: தி ஜுவல்ஸ் பிலாங் டு மை த்ரீ டாட்டர்ஸ்-இன்-லா. உடைமையை வினைச்சொல் பார்த்துக்கொள்ளும், எண்ணிக்கையும் பளிச்சென்று தெரியும். இலக்கணம் தெரிந்த ஆள் என்று காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள்தான் டாட்டர்ஸ்-இன்-லா'ஸ் எழுதுவார்கள் என்பது என் சந்தேகம்.

இதிலேயே ஒரு விதிவிலக்கு. மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார் எல்லாரையும் மொத்தமாகக் குறிக்கும் இன்-லாஸ். முன்னால் மதரோ சிஸ்டரோ இல்லாததால் இன்-லா என்பதே ஆளாகிவிட்டது, எஸ் அதன் மேலேயே ஏறும். மை இன்-லாஸ் ஆர் கமிங் என்பதுதான் சரி, இங்கே அப்பாஸ்ட்ரஃபி போட்டால் தப்பு, லீவு மெயிலில் அதிகம் பார்க்கிற தப்பும் இதுதான். புகுந்த வீடு என்றால் இன்-லாஸ்' ஹவுஸ், எஸ்ஸுக்குப் பிறகு குறி. சம்பந்தி என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாததால் சம்பந்தி வீடு மை டாட்டர்'ஸ் இன்-லாஸ்' ஹவுஸ் ஆகிறது. முதல் குறி எஸ்ஸுக்கு முன், இரண்டாவது எஸ்ஸுக்குப் பின். நான்கு சொல்லுக்குள் இரண்டு விதியும் வந்துவிட்டதால், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

அப்புறம், இந்திய ஆங்கிலத்தில் நாம் செய்து வைத்திருக்கும் கோ-பிரதர், கோ-சிஸ்டர் இருக்கின்றனவே, சகலைக்கும் ஓரகத்திக்கும், அவற்றை வெளிநாட்டில் யாரும் புரிந்துகொள்ளமாட்டார்கள் என்பது ஒன்றுதான் குறை. மற்றபடி எஸ் விஷயத்தில் தங்கம். ஆள் கடைசியில் இருப்பதால் கோ-பிரதர்ஸ், கோ-பிரதர்'ஸ், கோ-பிரதர்ஸ்' என்று மூன்றும் சமர்த்தாக நிற்கும். கஸின் பிரதரும் அப்படியே. உள்ளூர் வாசகருக்கு என்றால் தாராளமாக எழுதுங்கள். விசா விண்ணப்பத்திலும் வெளிநாட்டு அலுவலகத்துக்குப் போகும் கடிதத்திலும் மட்டும் மை வைஃப்'ஸ் சிஸ்டர்'ஸ் ஹஸ்பண்ட் என்று சங்கிலியாக எழுதிவிடுவது நல்லது, அழகாக இருக்காது, ஆனால் யார் என்பதில் சந்தேகம் வராது. தமிழ்ச் சொல்லையே எடுத்து ஆங்கில எஸ் ஒட்டும் வழியும் உண்டு. 2020 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் துணை அதிபர் வேட்பாளராகப் பேசிய கமலா ஹாரிஸ், தன் குடும்பம் யார் யார் என்று சொல்லும்போது அங்கிள்ஸ், ஆன்ட்ஸ் என்று அடுக்கி அதோடு சித்திஸ் என்றார், விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. உலகமே அன்று ராத்திரி கூகுளில் தேடியது. அத்தைஸ், மாமாஸ், பாட்டிஸ் என்று எழுதுவதில் இலக்கணத் தப்பு ஒன்றும் இல்லை. குறி மட்டும் வேண்டாம். பாட்டி'ஸ் என்றால் பாட்டியுடைய ஆகிவிடும்.

இனி வாசல் பலகை. உறவுச் சொற்களைவிடக் குடும்பப் பெயரில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதுவும் கல்லில் வெட்டி.

வீட்டுக்காரர் பெயர் நடராஜன் என்று வைத்துக்கொள்வோம். தி நடராஜன்ஸ் என்றால் நடராஜன் குடும்பத்தார், வெறும் பன்மை. தி நடராஜன்ஸ்' என்றால் நடராஜன் குடும்பத்தாருடையது, வீடு என்ற சொல் தொக்கி நிற்கிறது. நடராஜன்'ஸ் என்று முன்னால் தி இல்லாமல் போட்டால் நடராஜனுடையது, ஒரே ஆள். இந்த மூன்றும் சரி. தி நடராஜன்'ஸ் மட்டும் சரியில்லை, ஏனென்றால் தி என்று தொடங்கியதும் குடும்பம் முழுவதையும் கூப்பிட்டாயிற்று, அப்புறம் ஒருவருக்கு மட்டும் வீட்டை எழுதிவைக்க முடியாது. தெருவில் நடந்துபோகும்போது கவனியுங்கள், கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த நான்காவதுதான். அமெரிக்காவிலும் இதே கதை, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலும் கால்மிதியிலும் தி ஸ்மித்'ஸ் என்று அச்சடித்து விற்கிறார்கள், இலக்கணம் பார்ப்பவர்கள் வருஷா வருஷம் புலம்புகிறார்கள்.

மூன்று சரியான வழிகளில் தி நடராஜன்ஸ் பார்க்க அழகு, குறியே இல்லாததால் வெட்டுகிறவரும் தப்பு செய்ய வழியில்லை. ஆனால் எனக்கு இதில் வேறு ஒரு தயக்கம் உண்டு. ஸ்மித் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர். தாத்தா ஸ்மித், அப்பா ஸ்மித், பேரனும் ஸ்மித். நம்மிடம் பெரும்பாலும் அது அப்பா பெயர். நடராஜன் மனைவி பாஸ்போர்ட்டில் லலிதா நடராஜன், மகன் கவின் நடராஜன், அதுவரைக்கும் சரி. கவினுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் அந்தக் குழந்தையின் பின்பெயர் கவின். அதே வீட்டில் மூன்று தலைமுறை இருந்தால் தி நடராஜன்ஸ் என்ற பலகை பேத்தியைச் சேர்க்கவே சேர்க்காது! ஒரு தலைமுறைக்கு மட்டும் செல்லுபடியாகும் பன்மை. அதனால் நான் சிபாரிசு செய்வது நடராஜன் இல்லம், அல்லது ஆங்கிலம்தான் வேண்டும் என்றால் நடராஜன் ஹவுஸ், நடராஜன் அண்டு ஃபேமிலி. இவற்றில் எஸ்ஸும் கிடையாது, குறியும் கிடையாது, யாரும் விட்டுப்போகவும் மாட்டார்கள். அமெரிக்காவில் குடியேறி நடராஜனையே நிரந்தரக் குடும்பப் பெயராக்கிக்கொண்டவர்கள் தி நடராஜன்ஸ் போட்டுக்கொள்ளட்டும், அவர்களுக்கு அது பொருந்தும்.

பெயரின் கடைசி எழுத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஃபேமிலி என்ற பொதுச்சொல் ஃபேமிலீஸ் ஆகும்போது கடைசி ஒய் போய் ஐஇஎஸ் வரும், ஆனால் ஆள் பெயரில் கை வைக்கக் கூடாது. கென்னடி குடும்பம் ஒய்யை வைத்துக்கொண்டே எஸ் சேர்க்கும், ஒய் போட்டு எழுதும் மூர்த்திகளும் சாமிகளும் அப்படியே. வுல்ஃப் என்ற பெயருள்ள குடும்பம் வுல்ஃப்ஸ்தான், வுல்வ்ஸ் என்றால் ஓநாய்க் கூட்டமாகிவிடும். சைல்டு என்று பெயர் கொண்டவர்கள் சைல்ட்ஸ், சில்ட்ரன் ஆகமாட்டார்கள். எஸ், எக்ஸ், இஸட், சிஹெச், எஸ்ஹெச் என்று முடியும் பெயர்களுக்கு இஎஸ். ஜோன்ஸ் குடும்பம் தி ஜோன்ஸஸ், சுரேஷ் குடும்பம் தி சுரேஷஸ், தாஸ் குடும்பம் தி தாஸஸ். பக்கத்து வீட்டுக்காரரோடு போட்டி போடுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொலவடை இருக்கிறதே, ஜோன்ஸஸோடு ஈடுகொடுப்பது என்று, 1913-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் வரத் தொடங்கிய ஒரு படக்கதையின் தலைப்பிலிருந்து பரவியது, அதிலும் இந்த இஎஸ்தான். சரியான வடிவம் என்பதற்காக தி தாஸஸ் என்று வாசலில் மாட்டிக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று தெரியவில்லை. எனக்கு வராது.

எஸ்ஸில் முடியும் பெயருக்கு உடைமை சேர்ப்பதில் நிஜமாகவே இரண்டு கட்சி உண்டு, இரண்டுமே மரியாதையான கட்சி. தாமஸ்'ஸ் ஹவுஸ் என்று இன்னொரு எஸ் சேர்ப்பவர்கள் ஒரு பக்கம், தாமஸ்' ஹவுஸ் என்று குறியோடு நிறுத்துகிறவர்கள் மறுபக்கம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு இரண்டாவதைச் சொல்கிறது, புத்தகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ கையேடு முதலாவதை. லண்டனில் ஆஸ்பத்திரி செயின்ட் தாமஸ்', பூங்கா செயின்ட் ஜேம்ஸ்'ஸ், நியூகாஸிலில் கால்பந்து மைதானம் செயின்ட் ஜேம்ஸ்'. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு. நம் பரங்கிமலை ரயில் நிலையம் எதற்கு வம்பு என்று குறியும் இல்லாமல் எஸ்ஸும் இல்லாமல் செயின்ட் தாமஸ் மவுண்ட் என்று நிற்கிறது.

இந்தச் சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றால் நம்ப வேண்டும். கான்ஸாஸ் மாநிலத்தின் மரண தண்டனைச் சட்டம் பற்றிய 2006 வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் கான்ஸாஸ்' என்று எழுதினார், எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி டேவிட் சூட்டர் கான்ஸாஸ்'ஸ் என்று எழுதினார். தாமஸுக்குச் சொந்தப் பெயரே எஸ்ஸில் முடிவதால் அனுபவசாலி என்று வைத்துக்கொள்ளலாம். 2024-இல் சித்திஸ் சொன்ன அதே கமலா ஹாரிஸ் அதிபர் வேட்பாளரானதும் ஹாரிஸ்' எழுதுவதா ஹாரிஸ்'ஸ் எழுதுவதா என்று மறுபடியும் கிளம்பியது, போதாக்குறைக்குத் துணை வேட்பாளர் பெயர் வால்ஸ், அது இஸட்டில் முடிகிறது. அசோசியேட்டட் பிரஸ் ஹாரிஸ்' என்றது, நியூயார்க் டைம்ஸ் ஹாரிஸ்'ஸ் என்று எழுதியது.

வீட்டுக்குள் எது? வாயால் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி எழுதுங்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த யோசனை. நாம் எல்லாரும் தாமஸஸ் ஹவுஸ் என்று இரண்டு எஸ் வரச் சொல்கிறோம், பிரான்சிஸஸ் கார் என்று சொல்கிறோம். அப்படியானால் தாமஸ்'ஸ், பிரான்சிஸ்'ஸ். மோசஸ், ஜீசஸ் இரண்டுக்கும் மட்டும் பழைய வழக்கப்படி குறியோடு நிறுத்துவார்கள், சர்ச் நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கு இது தேவைப்படும். ஆனால் ஒரே பத்திரிகையில் மேலே தாமஸ்'ஸ், கீழே தாமஸ்' என்று இரண்டையும் கலந்தால்தான் கண்ணை உறுத்தும். அங்கே இரண்டு கட்சியும் சேர்ந்து உங்களைத் திட்டும். சுரேஷ், ராஜேஷ், பிரகாஷ் போன்றவற்றுக்கு இந்தத் தகராறு எதுவும் இல்லை, எஸ்ஹெச்சில் முடிவதால் எல்லாக் கட்சியும் சுரேஷ்'ஸ்தான்.

கடைப்பலகை தனி உலகம். குடும்பப் பெயரில் தொடங்கி அப்பாஸ்ட்ரஃபியைக் காலப்போக்கில் உதிர்த்தவர்கள் நிறைய. லண்டன் ஹாரட்ஸ் அப்படி, வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-இல் வேண்டுமென்றே எடுத்துவிட்டது. சென்னையில் 1844-இல் ஹிக்கின்பாதம் என்பவர் தொடங்கிய புத்தகக் கடையும் இன்று குறி இல்லாத ஹிக்கின்பாதம்ஸ்தான். மெக்டொனால்ட்'ஸ் இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. கடைக்குப் பெயர் வைக்கிறவர் இணைய முகவரியையும் யோசிக்க வேண்டும், அதில் அப்பாஸ்ட்ரஃபிக்கு இடமே கிடையாது. எனவே கடைக்கு என்றால் குறி இல்லாமல் வைப்பதே நல்லது, இலக்கணம் கேட்கிறவர்களிடம் அது எங்கள் பிராண்டு என்று சொல்லிவிடலாம்.

பத்திரிகைக்கு வருவோம். மணமக்கள் பெயர் இரண்டும் சேர்ந்து வருகிற இடத்தில் குறி ஒன்றா இரண்டா? மீனா அண்டு கவின்'ஸ் வெட்டிங் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல்யாணம். மீனா'ஸ் அண்டு கவின்'ஸ் வெட்டிங்ஸ் என்றால் மீனாவுக்கு ஒன்று, கவினுக்கு ஒன்று, அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே முகூர்த்தத்தில் நடக்கிற மாதிரி. மணமகள் பெயருக்கும் மணமகன் பெயருக்கும் தனித்தனியாகக் குறி போட்ட பத்திரிகை ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது, அதன்படி பார்த்தால் இருவரும் வேறு வேறு ஆட்களைக் கட்டிக்கொள்கிறார்கள். சொத்து ஒன்று என்றால் கடைசிப் பெயருக்கு மட்டும், தனித்தனி என்றால் ஒவ்வொன்றுக்கும். பெற்றோருக்கும் இதே கணக்கு, மிஸ்டர் அண்டு மிஸஸ் நடராஜன்'ஸ் டாட்டர், ஒரே குறி.

இதில் நான் என்று வந்துவிட்டால்தான் அவஸ்தை. நானும் என் கணவரும் சேர்ந்து வாங்கிய வீட்டை மை ஹஸ்பண்ட் அண்டு ஐ'ஸ் ஹவுஸ் என்று பலர் எழுதுகிறார்கள், அமெரிக்கர்களும் எழுதுகிறார்கள், அச்சில் அது நிற்காது. மை ஹஸ்பண்ட்'ஸ் அண்டு மை ஹவுஸ் என்பது சரி, ஆனால் வாயில் நுழையவில்லை. அவர் ஹவுஸ் (இந்த அவர் ஆங்கில அவர், எங்கள் என்று பொருள்) என்று எழுதிவிட்டால் தீர்ந்தது, யார் யார் என்பதை முந்தின வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

இரு வீட்டார் ஆசியுடன் என்ற வரிக்கு போத் ஃபேமிலீஸ்' பிளெஸ்ஸிங்ஸ் என்று எழுதலாம், எஸ்ஸுக்குப் பின் குறி. போத் ஃபேமிலி'ஸ் தப்பு, இரண்டு வீடு என்று சொல்லிவிட்டு ஒரு வீட்டுக்குக் குறி போட முடியாது. பிளெஸ்ஸிங்ஸ் ஆஃப் போத் ஃபேமிலீஸ் என்று ஆஃப் போட்டால் குறியே வேண்டாம், நான் எப்போதும் இதையே போடச் சொல்கிறேன், படிக்கவும் கம்பீரமாக இருக்கிறது. பத்திரிகையிலும் அரசு ஆவணங்களிலும் வருகிற எஸ்/ஓ, டி/ஓ, டபிள்யூ/ஓ எல்லாம் இந்த ஆஃப்தான், சன் ஆஃப், டாட்டர் ஆஃப், வைஃப் ஆஃப். எந்தக் குமாஸ்தாவும் அப்பாஸ்ட்ரஃபியில் தப்பு செய்ய முடியாதபடி யாரோ யோசித்து வைத்த மாதிரி இருக்கிறது.

ஆனால் ஆஃப் எல்லா இடத்திலும் பத்திரமில்லை. எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர் என்றால் அப்பா இருக்கிற படம். எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்'ஸ் என்று கடைசியில் எஸ் வந்தால் அப்பாவிடம் இருக்கிற படங்களில் ஒன்று, அதில் எம்ஜிஆர்கூட இருக்கலாம். அஞ்சலி விளம்பரத்துக்கு எழுதும்போது முதலாவது வேண்டும். நண்பர் என்றால் எ ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர், ஃபாதர்'ஸ் இரண்டும் செல்லும், அர்த்தம் மாறாது.

பள்ளிக்கூட பேனர்களில் வரும் நாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, ஒரு விதியைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றிலும் போட முடியாது. மதர்'ஸ் டே ஒருமை. அமெரிக்காவில் 1908-இல் அந்த நாளைத் தொடங்கிவைத்த ஆனா ஜார்விஸ் குறி எஸ்ஸுக்கு முன்னால்தான் வர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். உலகத்துத் தாய்மார்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு விழா அவர் கேட்கவில்லை, ஒவ்வொரு வீடும் தன் அம்மாவை நினைக்கிற நாளாக அது இருக்க வேண்டும் என்றார். 1914-இல் அதிபர் உட்ரோ வில்சன் வெளியிட்ட பிரகடனத்துக்குப் பிறகு அது தேசிய நாளானது. ஃபாதர்'ஸ் டே அதைப் பார்த்து வந்தது. சில்ட்ரன்'ஸ் டேயில் குழந்தைகள் பன்மைதான், இருந்தும் குறி எஸ்ஸுக்கு முன்னால், ஏனென்றால் சில்ட்ரன் ஏற்கெனவே பன்மை, அதற்கு எஸ் கிடையாது, வருகிற எஸ் உடைமைக்கு மட்டும். நவம்பர் 14 வந்தால் சில்ட்ரன்ஸ்' என்று குறி பின்னால் போன பேனரைப் பார்க்காமல் இருக்க முடியாது. கிராண்ட்பேரண்ட்ஸ் டே 1978-இல் அதிபர் கார்ட்டர் காலத்தில் வந்தது, அமெரிக்காவில் குறியே இல்லாமல் எழுதுகிறார்கள், தாத்தா பாட்டிகளின் நாள் என்று உடைமையாகப் பார்க்காமல் தாத்தா பாட்டி நாள் என்று அடைமொழியாகப் பார்க்கிறார்கள். எஸ்ஸுக்குப் பிறகு குறி போட்டாலும் குடி முழுகாது, எஸ்ஸுக்கு முன்னால் போட்டால்தான் ஒரே ஒரு தாத்தாவோடு விழா முடிந்துவிடும். பேரண்ட்ஸ்' மீட்டிங்குக்கும் இதே நியாயம்.

வைஃப் பன்மையில் வைவ்ஸ் ஆகும், எஃப் போய் வி வரும். உடைமையில் எஃப் போகாது, வைஃப்'ஸ். மனைவிமாருடைய என்றால் வைவ்ஸ்'. வைவ்'ஸ் என்று ஒரு வடிவம் கிடையவே கிடையாது.

கடைசியாக அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. நீங்கள் எவ்வளவு சரியாக எழுதிக் கொடுத்தாலும் தமிழும் ஆங்கிலமும் கலந்து அடிக்கிற இடத்தில் குறி காணாமல் போகும். தமிழ்99 விசைப்பலகையில் அப்பாஸ்ட்ரஃபி விசையை அழுத்தினால் ய வரும். மொழியை மாற்ற மறந்து அடிக்கிறவர் அந்த யவை அழித்துவிட்டு, குறியைத் திரும்பப் போடாமலே போய்விடுவார். அதனால் வாட்ஸ்அப்பில் வரும் ப்ரூஃபை அப்படியே ஓகே சொல்லாமல், பெரிதாக்கி, எஸ் வருகிற ஒவ்வொரு உறவுச் சொல்லையும் விரல் வைத்துப் பாருங்கள். குறி தலைகீழாகத் திறக்கும் மேற்கோள் மாதிரி வளைந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். கிரானைட் என்றால் வெட்டத் தொடங்குவதற்கு முன் காகிதத்தில் நிஜ அளவில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கல்லில் கூடுதலாக விழுந்த ஒரு குறியை அடைத்துத் தர அவர்கள் தனியாகக் காசு கேட்பார்கள்.